சிவப்பு விளக்கும் சிறு முள்ளும்

ஆற்று வெள்ளம் கரை புரண்டு ஊருக்குள் வந்த பிறகு தண்டோராப் போடும் தலையாரியை யாரும் மெச்ச மாட்டார்கள். வெள்ளம் எந்தப் படிக்கட்டு வரையில் ஏறியிருக்கிறது என்று மணிக்கொரு முறை வந்து சொல்லுகிறவனைத்தான் ஊர் நம்பும். இந்த நியாயம் மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். ஆனால் மோட்டார் செய்தவர்கள் ஒரு காலத்தில் படிக்கட்டைப் பார்த்துச் சொல்லுகிறவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, தண்டோராக்காரனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையையும், அமெரிக்காவில் பழைய 'பிக்-அப்' லாரிகளைப் போற்றி வைத்திருப்போர் அதற்குச் செய்துகொள்ளும் பரிகாரத்தையும் இவ்வாரம் பார்ப்போம்.

பிக்-அப் என்பது முன்னால் டிரைவர் அறையும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள சிறு லாரி. அந்நாட்டுக் குடியானவனுக்கு அதுவே வண்டி, அதுவே மாடு. 1947-ல் வெளிவந்த ஷெவர்லே பிக்-அப்பின் டாஷ்போர்டில், வேகத்தைக் காட்டும் பெரிய மீட்டருடன் நான்கு சிறு மானிகள் இருந்தன. பெட்ரோலின் அளவு, எண்ணெயின் அழுத்தம், தண்ணீரின் உஷ்ணம், மின்சாரத்தின் போக்குவரத்து ஆகிய நான்கையும் நான்கு முட்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இருபது வருஷங்களுக்குப் பின், 1967 முதல் 1972 வரையில் வந்த அதே கம்பெனியின் பிக்-அப்களில், சாதாரண ரகத்தை வாங்கியவனுக்குப் பெட்ரோல் மானி மாத்திரமே மிஞ்சிற்று. மற்ற மூன்றுக்கும் பதிலாகச் சிறு விளக்குகள். முட்கள் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இப்படி விளக்கு வைக்கும் வழக்கத்தை 1930-களிலேயே ஹட்ஸன் கம்பெனியார் தொடங்கிவிட்டார்கள். விளக்கு மலிவு; படிக்கத் தெரிய வேண்டியதில்லை; எரிந்தால் ஆபத்து, எரியாவிட்டால் க்ஷேமம். அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்கு இட்ட பெயர் 'முட்டாள் விளக்கு' என்பது. முட்டாள் விளக்கா, அதைப் பார்க்கிறவனா என்பதை அவர்கள் விளக்கவில்லை!

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். எண்ணெய் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்ஜினுக்குள் சுழலும் பாகங்கள் ஒன்றோடொன்று உராயாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கின்றன. அந்தப் படலம் நிலைக்க எண்ணெய்க்கு அழுத்தம் வேண்டும். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு, சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு அழுத்தம் என்பது அத்தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் வாய்ப்பாடு. ஆகவே மூவாயிரம் சுற்றில் வண்டி விரையும்போது முப்பது பவுண்டாவது இருக்கவேண்டும். விளக்கோ பெரும்பாலும் ஐந்து பவுண்டை ஒட்டி அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். முப்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கும் வரையில் அது வாயைத் திறப்பதில்லை. அது வாயைத் திறக்கும்போது பேரிங்குகள் தேய்ந்து, எஞ்ஜின் தட்டத் தொடங்கியிருக்கும். முள் இருந்தால், நேற்று நாற்பது, இன்று முப்பத்திரண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருக்கும். பள்ளிக்கூடத்தில் இது எங்களுக்குப் பழகிய விஷயம். வருஷக் கடைசியில் 'தேறவில்லை' என்று ஒட்டப்படும் காகிதம் சிவப்பு விளக்கு. மாதந்தோறும் தகப்பனார் கையெழுத்திட்டு அனுப்பும் மதிப்பெண் அட்டை முள். காகிதத்தைப் பார்த்து அழலாம். அட்டையைப் பார்த்துத்தான் ஏதாவது செய்யலாம்.

ஆகையால்தான் பழைய பிக்-அப் வைத்திருப்போர் புதிதாக மூன்று மானிகளை வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்: எண்ணெய் அழுத்தம், தண்ணீர் உஷ்ணம், வோல்ட் அளவு. கடையில் மானி வாங்கி வண்டியில் சேர்ப்பது புதுமையும் அல்ல. 1912-ஐ ஒட்டி பாய்ஸ் என்பவர் ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஓர் உஷ்ணமானியை நிறுத்தினார். டிரைவர் ஆசனத்திலிருந்தபடியே கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொள்வான்.

இந்த மானிகளின் உள்ளே நடப்பது ரஸமான விஷயம். திருவிழாவில் குழந்தைகள் வாயில் வைத்து ஊதும் காகிதச் சுருளைப் பார்த்திருப்பீர்கள். ஊதினால் நீளும், மூச்சை விட்டால் சுருளும். 1849-ல் பிரெஞ்சுக்காரராகிய பூர்டோன் இதே தத்துவத்தைத் தட்டையான ஒரு பித்தளைக் குழாயில் அமைத்தார். வளைந்த குழாய்க்குள் அழுத்தம் ஏற ஏற, அது சிறிது நிமிரும்; அந்த நிமிர்வைப் பற்சக்கரம் வாங்கி முள்ளைத் திருப்பும். எண்ணெய் மானியில் எஞ்ஜினின் எண்ணெயே மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரையில் வந்து முள்ளைத் தள்ளுகிறது. உஷ்ணமானியில், எளிதில் ஆவியாகும் ஈதர் போன்ற திரவம் ஒரு சிறு குமிழில் அடைபட்டிருக்கும். தண்ணீர் சுட்டால் திரவம் ஆவியாகி அழுத்தும். அந்தக் குழாய் நீளமாயிருக்கிறதே என்று வெட்டி ஒட்டினால் மானி அன்றோடு முடிந்தது. மிச்சத்தைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது மானியில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய ஆம்மீட்டர்கள் பலவற்றில் வண்டியின் மின்சாரம் பெரும்பகுதியும் மீட்டர் வழியாகவே பாயும். பிற்காலத்தில் பெரிய ஆல்டர்நேட்டரைப் பொருத்தினால் அந்த மின்சாரத்தைத் தாங்காமல் இணைப்புக்கள் காய்ந்து கருகும், தீயும் பிடிக்கலாம். வோல்ட்மீட்டர் ஓரமாக நின்று பார்ப்பது. பன்னிரண்டு வோல்ட் வண்டியில், ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6-ம், சார்ஜ் ஏறும்போது ஏறக்குறைய 14-ம் காட்டினால் எல்லாம் சரி. எஞ்ஜின் ஓடும்போது முள் 12-க்குக் கீழே இறங்கினால், வீடு திரும்பும் வழியைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

நிற்க. மானி வாங்கியாயிற்று, எங்கே வைப்பது? இங்கேதான் தர்மசங்கடம் ஆரம்பிக்கிறது. பாட்டனார் ஓட்டிய வண்டியின் டாஷ்போர்டு முழுதும் இரும்புத் தகடு. வழக்கமான மானி 2 1/16 அங்குல விட்டமுள்ளது. அந்த அளவுக்குத் துளையிட்டுவிட்டால், பிறகு அதை மூடி அந்தக் காலத்து முகத்தை மீட்பது பெரும்பாடு. விவேகிகள் துளையிடுவதில்லை. மூன்று மானிகளைத் தாங்கும் ஒரு சிறு தகட்டை டாஷ்போர்டின் அடி விளிம்பில் இரண்டு திருகாணிகளால் தொங்கவிடுகிறார்கள். நாளைக்குப் பேரன் வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். முன்னோர் வைத்ததைச் சிதைக்காமல் நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். மானிக்கு வரும் ஒயரில் சிறிய ப்யூஸ் இருக்க வேண்டும். எஞ்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள தகட்டைக் குழாய் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும்; இல்லையேல் தகட்டின் விளிம்பு குழாயை அறுத்துவிடும். செம்புக் குழாய் என்றால், எஞ்ஜினின் நடுக்கத்தில் வெடிக்காமலிருக்க ஒரு சுற்றுத் தளர்த்தி விடவேண்டும். பிளாஸ்டிக் குழாய் புகைக் குழாயின் அருகில் போகக் கூடாது. உருகினால் கொதிக்கும் எண்ணெய் காலின்மேல் கொட்டும். இந்த அச்சமுள்ளவர்கள் மின்சார மானியை வாங்குவது உத்தமம்.

மின்சார மானியும் பொய் சொல்லக்கூடும். எஞ்ஜினில் முடுக்கும் உணர்கருவிக்கு நாடாவை அளவுக்கு மிஞ்சிச் சுற்றினால், இரும்போடு தொடர்பு குறைந்து, உஷ்ணத்தை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பெட்ரோல் மானியையும் மாற்றுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1965-க்குப் பிந்திய பழைய ஷெவர்லே தொட்டியின் கருவி, காலியாயிருக்கும்போது 0 ஓம், நிறைந்திருக்கும்போது 90 ஓம் காட்டும். பழைய போர்டு வண்டியில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. ஒன்றின் கருவியை மற்றொன்றின் மானியோடு கல்யாணம் செய்துவைத்தால், தொட்டி வற்ற வற்ற முள் நிறைவை நோக்கிப் போகும்! நடு வழியில் நிற்கும் வரையில் டிரைவர் தன்னைப் பாக்கியசாலி என்றே எண்ணிக்கொண்டிருப்பான்.

அப்படியானால் விளக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? கூடாது. சாலையில் கண் வைத்திருப்பவனுக்கு முள் விழுவது தெரியாமற் போகலாம். விளக்கு கண்ணில் குத்தும். எண்ணெய் வாயிலில் மூன்று கிளையுள்ள ஓர் இணைப்பை வைத்து, ஒரு கிளையில் விளக்கையும் மற்றொன்றில் மானியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொருத்திய முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: பார்த்துக்கொண்டிருப்பது. குளிர்ந்த காலையில் முள் எங்கே நிற்கிறது, மேட்டில் ஏறும்போது எங்கே போகிறது, வண்டி நின்றபடி ஓடும்போது எங்கே இறங்குகிறது என்று பழகிக்கொள்ள வேண்டும். வண்டியின் இயல்பை அறிந்தவனுக்கே மாறுதல் தெரியும். மேட்டில் ஏறிய உஷ்ண முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படவும் கூடாது. தண்ணீர் ஒழுகிப்போய்க் குமிழ் வெறும் காற்றில் நிற்கலாம்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் உஷ்ண முள் இருக்கிறது; ஆனால் அது நடுவிலேயே நிற்கும்படி கம்பெனிக்காரர்களே கட்டிவைத்திருக்கிறார்கள். முள் சற்று அசைந்தால் வாங்கியவர்கள் கலவரப்படுகிறார்களாம். அது முள் வேஷம் போட்ட விளக்கு. வண்டி என்னுடையது, எண்ணெய் என்னுடையது, பழுதானால் செலவும் என்னுடையது. எனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதை மட்டும் வேறொருவர் தீர்மானிப்பானேன்? அந்தப் பழைய பிக்-அப்பின் அடி விளிம்பில் ஒருவன் மூன்று சிறு மானிகளைத் திருகி வைக்கும்போது, அவன் திரும்பப் பெறுவது அந்த உரிமையைத்தான். உரிமையோடு ஒரு கடமையும் கூடவே வருகிறது: தினந்தோறும் அதைப் பார்க்க வேண்டும். பாராத முள்ளைவிட எரிகிற விளக்கே மேல்.