மணல்திட்டும் ஜெட் படகும்

சென்ற ஞாயிறன்று என் தம்பி மகன் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்திருந்தான். கணினிக் கம்பெனியில் நல்ல வேலை. கையில் நாலு காசும் சேர்ந்திருக்கிறது. காப்பியைக் குடித்துக்கொண்டே கைபேசியில் ஒரு படம் காட்டினான். ஏதோ வெளிநாட்டு ஆறு. சின்ன ஜெட் படகு ஒன்று முழங்காலளவுத் தண்ணீரில் சீறிக்கொண்டு வந்து ஆற்று நடுவே ஒரு மணல்திட்டில் ஏறி நிற்கிறது. இறங்கியவர்கள் கூடாரம் அடிக்கிறார்கள், தீ மூட்டுகிறார்கள், மீன் சுடுகிறார்கள். "பெரியப்பா, நம்ம காவிரியிலே சங்கமத்துப் பக்கம் இதே மாதிரி மணல் இருக்கே. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கலாமான்னு பார்க்கறோம்" என்றான்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். காரணம் சொல்வதற்குள் அவனுக்கு அழைப்பு வந்து எழுந்து போய்விட்டான். அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்து இளைஞர்கள் பலருக்கு இந்த ஆசை இருப்பதை நான் அறிவேன்.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. காவிரிக் கரையில் பிறந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்த என் வயதினருக்கு ஆற்று மணல் என்பது வீட்டுத் திண்ணையைப் போன்றது. கோடை இரவுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு மணலுக்குப் போய்ப் படுத்தவர்கள் நாம். பதினெட்டாம் பெருக்கென்றால் சித்ரான்னத் தூக்குகளோடு ஆற்றங்கரைக்குப் போனவர்கள். அந்த மணலில் பெரும்பகுதி லாரி ஏறிப் போய்விட்டது. இங்கே கனகபுரா வழியாக ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் போனால் அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தில் இன்னும் கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது. அதைப் பார்த்ததும் அங்கேயே ஓர் இரவு படுக்கலாமே என்று தோன்றாவிட்டால்தான் வியப்பு. (அங்கே அணை கட்டலாமா கூடாதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன.)

ஜெட் படகும் லேசுப்பட்ட பொருள் அல்ல. நியூசிலாந்தில் பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹாமில்டன் என்பவர், அந்நாட்டின் ஆழமற்ற ஆறுகளுக்கென்று 1950களில் அதை உருவாக்கினார். அடியில் சுழலும் விசிறி கிடையாது. கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீறிட்டு வெளியேற்றும் வேகத்தில் படகு ஓடும். 1960இல் அத்தகைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை அந்தப் பெரும் பள்ளத்தாக்கின் வழியே எதிர்த்து ஏறின. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் மூன்று ஜெட் படகுகளில் வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்துப் புறப்பட்டார். அவருடைய குழுவையும் நந்தப்பிரயாகைக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சி நிறுத்திவிட்டது. பழகிய படகோட்டிகளும் முன்னேற்பாடுகளும் உடையவர் அவர். சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்பும் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

அந்தப் படகில் ஒரு சங்கதி உண்டு. நீர் பீறிடும் வரைக்கும்தான் அதைத் திருப்ப முடியும். மணலோ சருகோ உறிஞ்சுவாயில் அடைத்துவிட்டால் வேகத்தோடு திசையும் போய்விடும். அதன் பிறகு ஆறு இழுத்த பக்கம் போக வேண்டியதுதான். சங்கமத்திலிருந்து கீழே நாலைந்து கிலோமீட்டரில் மேகெதாட்டு. கன்னடத்தில் ஆடு தாண்டும் இடம் என்று பொருள். அத்தனை பெரிய ஆறு அங்கே பாறை இடுக்கில் நுழைந்து ஓடுகிறது.

என் கதையையும் சொல்கிறேன். 1985 மே மாதம். வங்கியில் வேலை பார்த்த நண்பர்கள் நாங்கள் நால்வர் சங்கமத்துக்குப் போனோம். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஒரு பரிசல்காரர் எங்களை ஒரு திட்டில் கொண்டுபோய் விட்டார். "ராத்திரி இங்கே வேண்டாம் சாமி, கரையிலே மரத்தடிக்குப் போயிடலாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை, என்ன பயம் என்றோம். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு குச்சியை ஒடித்து நீரோரத்தில் நட்டார். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

இரவு இரண்டு மணி இருக்கும். உலுக்கி எழுப்பினார். குச்சியைக் காணோம். சத்தமே இல்லை, தண்ணீர் பூனை போல ஏறியிருந்தது. மேலே எங்கோ பெய்த மழை. ஸ்டவ்வையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டுப் பரிசலில் ஏறினோம். கரை சேர்ந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது நாங்கள் படுத்திருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பரிசல்காரர் எங்களைத் திட்டவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு, "தண்ணி சொல்லிட்டா வரும்?" என்றார், அவ்வளவுதான்.

அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியது மூங்கிலால் கட்டிய பரிசல் மட்டுமன்று, குச்சி நட்ட ஆளும்தான். ஜெட் படகு வாங்குகிறவன் படகை வாங்கலாம், ஆளை வாங்க முடியாது. ஆள் இல்லாமலேயே போகலாம் என்பதுதான் அந்தப் படகில் உள்ள கவர்ச்சி என்று எனக்குப் படுகிறது. காவிரியும் இப்போது தன் போக்கில் ஓடும் ஆறன்று. கிருஷ்ணராஜ சாகரத்திலும் கபினியிலும் மதகு திறந்தால் இங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வரும்.

இன்னொன்று, அந்தத் திட்டு காலியாகக் கிடக்கும் இடமும் அன்று. நாம் கூடாரம் அடிக்க நினைக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் முதலை மணலைத் தோண்டி முட்டையிடுகிறது. நீர்நாய்கள் கூட்டமாக வந்து மணலில் புரண்டு உடம்பை உலர்த்துகின்றன. இந்த ஆற்றின் திமில் மகசீர் மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ளது என்ற பட்டியலிலும் அது ஏறிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன் இது. கரையோரக் காடு 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் இரவு தங்குவது சட்டப்படி குற்றம். அபராதத்துக்கு அஞ்சிச் சொல்லவில்லை. நள்ளிரவில் யானை நீர் குடிக்க வரும் வழியில் இஞ்சின் உறுமினால் யானைக்கும் நல்லதன்று, நமக்கும் நல்லதன்று.

மீன் சுடுவதைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சாக்கடை விருஷபாவதியில் விழுந்து, அர்க்காவதியில் சேர்ந்து, அதே சங்கமத்துக்குத்தான் போகிறது. அங்கே ஆற்றுத் தண்ணீரில் உலை வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

மணலுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. பகலில் போங்கள். உயிர்காப்பு உடை போட்டுக்கொண்டு பரிசலில் போங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் ஏறு என்றால் ஏறுங்கள், இறங்காதே என்றால் இறங்காதீர்கள். இரவு தங்க வேண்டுமென்றால் பீமேஸ்வரியில் அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் கரைமேட்டில் விடுதி நடத்துகிறது. அங்கிருந்தே ஆற்றின் சத்தம் கேட்கும்.

தம்பி மகனிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். "குச்சியை எவ்வளவு தள்ளி நட்டார் பெரியப்பா?" என்று கேட்டான். நீரோரத்திலிருந்து ஒரு முழம் என்றேன். பொங்கல் கழித்து என்னையும் அழைத்துக்கொண்டு பீமேஸ்வரி போவதாகச் சொல்லியிருக்கிறான். படகுக்கு எடுத்துவைத்த பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறதாம்.