கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதோ?

தோட்டத்தில் நீரிறைக்கும் யந்திரம் களவு போகிறது. கமக்காரர் கமரா பூட்டுகிறார். மருந்தகத்தின் கதவு உடைபடுகிறது. வைத்தியர் கமரா பூட்டுகிறார். பூட்டட்டும்! உடைமையைக் காப்பது குற்றமாகாது. ஆனால், பூட்டிய அன்றிரவே, “இனி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்” என்று எண்ணுகிறார்களே, அந்த எண்ணத்தையே நாம் எதிர்க்கின்றோம். அந்தக் கண் காண்பதை எங்கே அனுப்புகிறது? அதன் திறப்பு எவர் கையில் இருக்கிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை அறியாதவர் காவலாளியை அமர்த்தவில்லை; ஒற்றனையே அமர்த்தியிருக்கிறார்!

படங்களை வீட்டிலுள்ள பெட்டியிலேயே சேமித்தால் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். யந்திரத்தைத் தூக்குபவன் பெட்டியையும் தூக்கிச் செல்வான். ஆகவே, அசைவு கண்ட மறுகணமே படம் வேறோரிடத்திலுள்ள சேவையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் கருத்து வேறுபாடில்லை. அந்தச் சேவையகம் எவருடையது என்பதிலேதான் வழக்கு.

முதலில் திறப்பைப் பற்றிப் பேசுவோம். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே கமராவை இணையத்தோடு தொடுக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதன் பயன் யாது? 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் நச்சு நிரல் எழுந்தது. அதன் ஆயுதம் 60க்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவே! அந்தப் பட்டியலைக் கொண்டே இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் அது அடிமைப்படுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், அடிமைப்பட்ட யந்திரங்கள் ‘டின்’ என்னும் அமெரிக்க இணைய நிறுவனத்தின் மீது ஏவப்பட்டன. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்களே பலருக்கு எட்டாமற் போயின. “எங்கள் வெங்காயத் தோட்டத்தை எவன் எட்டிப் பார்ப்பான்?” என்று கேட்போர் இதைச் சிந்திக்க வேண்டும். மிராய்க்குத் தோட்டம் வேண்டியிருக்கவில்லை, யந்திரமே வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரித்தானியா, எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அரசாங்கமே தலையிட வேண்டிய அளவுக்கு முற்றிய நோய் இது.

இனி, “படங்களை எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் காப்போம்” என்னும் கொம்பனிகளின் வாக்குறுதியைப் பார்ப்போம். 2021 மார்ச்சில், ‘வெர்க்காடா’ என்னும் அமெரிக்கக் கொம்பனியின் ஒரேயொரு தலைமைக் கணக்கு பிறர் கையிற் சிக்கியது. ஏறக்குறைய 150,000 கமராக்களின் காட்சிகள் அவர்கள் கண்முன் விரிந்தன. வைத்தியசாலை, பாடசாலை, சிறைச்சாலை எதுவும் தப்பவில்லை. 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, ‘ரிங்’ கொம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க இடமிருந்தது எனக் குற்றஞ்சாட்டியது. கொம்பனி 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. வேலியே பயிரை மேய்ந்தால் முறையிடுவது யாரிடம்?

ஆயின் வழி யாது? சேவையகம் நமதாகட்டும். பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். 10 விநாடிக்கு ஒரு படம், படமொன்று 200 கிலோபைற் என்று கொண்டால், நாளொன்றுக்கு 8,640 படங்கள். அளவு ஏறத்தாழ 1.7 கிகாபைற். முப்பது நாட்களுக்கு 52 கிகாபைற்றுக்கு மேல் வேண்டியதில்லை. அசைவு கண்டால் மட்டும் அனுப்பச் செய்தால் இதிலும் மிகக் குறையும். முப்பது நாள் கடந்த படங்கள் தாமாக அழியும்படி ஒழுங்கு செய்தல் வேண்டும். இன்றேல் ஒருநாள் வட்டு நிறைந்து, களவு நடக்கும் இரவில் ஒரு படமும் ஏறாது.

பல கமராக்கள் அறிந்தது ‘எவ்.ரி.பி.’ என்னும் பழைய முறை ஒன்றையே. அது பெயரையும் கடவுச்சொல்லையும் மறைக்காது, தபால் அட்டையில் எழுதியது போல அனுப்புவது. அதனை வீட்டு எல்லைக்கு வெளியே விடுதல் ஆகாது. கமரா வீட்டுக் கணினிக்குக் கொடுக்கட்டும்; அங்கிருந்து பட்டணத்திலுள்ள தமையன் வீட்டுக் கணினிக்கு, மறைகுறியாக்கிய ‘எஸ்.எவ்.ரி.பி.’ வழியாகப் படம் போகட்டும். அங்கே கமராப் படங்களுக்கெனத் தனிக் கணக்கு ஒன்று வேண்டும். அக்கணக்கு படத்தை வைக்கலாம். வைத்ததைப் படிக்கவோ அழிக்கவோ கூடாது. அவ்வாறாயின், வீட்டுக் கணினியைத் தூக்கிச் சென்ற கள்வன் அதனுள் இருக்கும் திறப்பைக் கொண்டும் சாட்சியத்தை அழிக்க முடியாது. கமராவின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும்; நேரம் பிழைத்த படம் நீதிமன்றில் நிற்குமா? ரவுட்டரிலே வெளியிலிருந்து கமராவுக்கு நேர்வாசல் திறந்து வைப்பது, படலையை நீக்கிவிட்டு நாயைக் கட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

கற்றறிந்த தொழிலாளருக்கு ஒரு வார்த்தை. வைத்தியரே, சட்டத்தரணியே! உங்கள் வாயிற் கமராவிலே விழுவது உங்கள் முகமன்று. நோயை மறைத்து வருபவளின் முகம், வழக்கோடு வருபவனின் முகம். அவர்கள் உங்களை நம்பியே படியேறினர். எங்கோ இருக்கும் கொம்பனியை நம்பியன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாட்டின் பாராளுமன்றம் இயற்றியது. சட்டம் துரத்தும்வரை காத்திருப்பது கற்றோர்க்கு அழகாகுமா?

கமக்காரர் இதையெல்லாம் தனித்துச் செய்ய இயலாதெனின், ஊரிலே கணினி கற்ற இளைஞர் எதற்கு இருக்கின்றனர்? ஒரு மாலைப் பொழுதின் வேலையன்றோ இது! கமராவை விற்றவர் கடவுச்சொல்லை மாற்றித் தராமற் போனால், பணம் கொடுக்குமுன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உடைமையைக் காக்கப் புறப்பட்டு மானத்தை அடகு வைப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதே. கண் நமதானால் அதன் காட்சியும் நமதாகட்டும். திறப்பும் நம் கையிலேயே இருக்கட்டும். இன்றிரவே எழுந்து அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவோமாக!