சாயத் தொட்டியும் மருந்துக் குப்பியும்

(இரண்டாம் ஆண்டு, முதுகலை வேதியியல்)

முதுகலை வேதியியலில் மருந்து வேதியியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன் என்று ஆரணியில் சொன்னால், "மருந்துக் கடை வைக்கப் போகிறாயா, தம்பி?" என்றே பலரும் கேட்கின்றனர். கேட்பவர் மீது குற்றமில்லை. பட்டு நெய்யும் ஊருக்கும் மருந்து காணும் கலைக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்வார் இல்லை, அவ்வளவே!

1856-இல் இலண்டனில் வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைச் செயற்கையாகச் செய்ய முனைந்தார். கிடைத்ததோ பட்டில் பளிச்சென ஏறும் ஊதாச் சாயம்! மருந்தைத் தேடிச் சாயம் கண்டார் அவர். சாயத்தைச் சோதித்து மருந்து கண்டார் ஜெர்மானியரான கெர்ஹார்ட் டோமாக். 1932-இல் அவர் சோதித்த புரோன்டோசில் என்னும் செஞ்சாயம், கிருமி தாக்கிய எலிகளைப் பிழைக்க வைத்தது. 1939-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு அவர் உரியவரானார். உடலினுள் அச்சாயம் பிளவுபடுகிறது என்பதையும், நோய் தீர்ப்பது நிறமற்ற சல்ஃபனிலமைடே என்பதையும் பாரிசின் பாஸ்டர் நிலையத்தார் 1935-இல் காட்டினர்.

அது எவ்வாறு வேலை செய்கிறது? கிருமி வாழ ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்கிறது. சல்ஃபனிலமைடு அவ்வமிலத்தின் உருவை ஒத்தது. நொதி ஏமாந்து இதைப் பற்றுகிறது, ஆக்கம் நின்றுவிடுகிறது. மனிதரோ ஃபோலிக் அமிலத்தை உணவிலிருந்து பெறுகிறோம். ஆதலின் அந்த வகையில் நமக்குக் கேடில்லை. வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனை 1955 முதல் எதிர்த்துப் போராடிவரும் தொழுநோய்க்கு மருந்தான டாப்சோனும் இவ்வழியே செயல்படுவதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக் குழு, ஃபோலிக் அமிலத்தின் வடிவைச் சற்றே மாற்றிப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அக்குழுவின் கொடையே.

இப்பாடம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்நியமன்று. பட்டு ஒரு புரதம். அமிலச் சாயம் பட்டில் ஏறும், பருத்தியில் நிற்காது. பட்டிலுள்ள அமினோத் தொகுதிகள் சாய மூலக்கூறைப் பற்றிக்கொள்வதே காரணம். மருந்தும் தனக்கு இசைந்த புரதத்தைத் தேடிப் பற்றுகிறது. சாயங்கள் சில திசுக்களில் மட்டும் ஏறுவதைக் கண்டல்லவா, கிருமியை மட்டும் தாக்கும் மருந்தைப் பற்றி பால் எர்லிக் எண்ணத் தொடங்கினார்!

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. தறியில் அமரக்கூடிய பிள்ளை மேலும் இரண்டாண்டு படித்தால், அவ்வீட்டில் இரண்டாண்டுக் கூலி குறைகிறது. அதற்கு ஈடு வெறும் பட்டத்தாள்தானா? மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு வந்தால், ஆம், அது மட்டுமே.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளின் செய்முறைக்கே உரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. எனவே நம் வேதியியலார் மாற்று வழி கண்டு மலிவாக மருந்து செய்தனர். 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை உண்டு. பிறர் கண்டதைச் செய்யத் தெரிந்தால் இனிப் போதாது. புதியது காணவும் தெரிய வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு மருந்தின் வடிவையும் படிக்கும்போது, 'இத்தொகுதி இங்கே ஏன்?' என்ற வினா வகுப்பில் எழவேண்டும். ஆஸ்பிரின், பாராசிட்டமால், சல்ஃபனிலமைடு மூன்றையேனும் ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே ஆக்கி, உருகுநிலை பார்க்க வேண்டும். தமிழ்வழியில் பயின்று வந்தோர் அஞ்சாதிருக்க, கருத்தைத் தமிழில் விளக்கிய பின்னரே ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க வேண்டும்.

நண்பர்களே! பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடித்து முடிபவர்கள் நம் பெற்றோர். அந்தக் கூர்மையும் பொறுமையும் நமக்கு உண்டு. மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றிப் பார்க்கும் துணிவையும் சேர்த்துக்கொள்வோம். வீடு நமக்காக இழந்த கூலிக்கு அதுவே நேர்மையான கைம்மாறு.