பாட்டிலுக்குப் பத்து ரூவா

டாஸ்மாக்ல காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூவா தர்றாங்க. சரக்கு விக்கும்போதே கூடுதலா வாங்கி வெச்ச காசுதானுங்க அது. காட்டுல கெடக்குற பாட்டிலால விலங்குகளுக்கு ஆபத்துன்னு சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022 மே மாசம் நீலகிரியில ஆரம்பிச்சது. அப்புறம் கோவைக்கும் வந்தது.

யானைக்கு மட்டுமா காலு இருக்குது? வாய்க்கா மேட்டுல உக்காந்து குடிச்சுட்டு, பாட்டிலை வரப்புல அடிச்சு உடைச்சுட்டுப் போறாங்க. சேத்துல புதைஞ்ச சில்லு கண்ணுக்குத் தெரியாது. களை எடுக்குற பொம்பளைங்க பாதத்துல ஏறும், மாட்டுக் குளம்புல ஏறும். அதனால இந்தத் திட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. எடமில்ல, வேலை கூடுதுன்னு கடை ஊழியருங்க சொல்றதும் நியாயந்தான். எடமும் ஆளும் கொடுக்கட்டும்.

ஆனா திரும்பி வந்த பாட்டிலை நொறுக்கி உருக்குறது வீண் செலவு. கண்ணாடி உருக 1,500 டிகிரி கிட்ட சூடு வேணும். கழுவ சுடுதண்ணியும் காஸ்டிக் சோடாவும் போதுமுங்க. கோலி சோடாக்காரர் ஒரே பாட்டிலை வருசக்கணக்கா ஓட்டலையா? பீர் பாட்டிலும் அப்படிச் சுத்துறதுதான். குவார்ட்டர் பாட்டிலை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வடிவமா ஆக்கினா அதையும் கழுவி நிரப்பலாம்.

டவுன்ல இருந்து தோப்புக்கு வர்றவங்க, எடுத்துட்டுப் போக சோம்பலா இருந்தா உடைக்காம வெச்சுட்டாவது போங்க. அந்தப் பத்து ரூவாயை நாங்க வாங்கிக்கறோம்.