முதல் போக்கர் சிப்ஸ் செட்: ஆர்டருக்கு முன்னால் ஆளை எண்ணுங்கள்!

நம்மூரில் சிப்ஸ் என்றால் நேந்திரங்காயா, உருளைக்கிழங்கா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அமெரிக்காவில், வாரக் கடைசி இரவில் நண்பர்கள் கூடும் வீடுகளில் அதே சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக மேஜையில் நகரும் வட்ட வில்லைகள்தான் அந்த சிப்ஸ்.

2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். (மணிமேக்கர் என்பது நிஜமான குடும்பப் பெயர்தான்!) ஆபீஸ் வேலை பார்க்கிறவர் உலக சாம்பியனான பிறகு, அமெரிக்க வீடுகளில் போக்கர் மேஜைகள் பெருகின. அலுமினியப் பெட்டியில் அடுக்கிய 500 சிப் செட்டுகள் சாதாரணக் கடைகளுக்கே வந்துவிட்டன.

அதில் சில வருடம் ஆடியவர்களுக்கு ஓர் ஆசை வரும். நம் தெருவின் பெயர் போட்டு, நம் வீட்டு நாயின் முகம் போட்டு, நமக்கென்றே ஒரு செட் செய்தால் என்ன? இந்த ஆசை புதிதல்ல. போக்கர் பிரியரான அதிபர் ஹாரி ட்ரூமன், அமெரிக்க அதிபரின் முத்திரை பொறித்த சிப்ஸே வைத்திருந்தார்.

ஆனால், முதல் முறை ஆர்டர் கொடுக்கிறவர்களில் பலர் படத்தில்தான் தொடங்குகிறார்கள். எந்த நாய்ப் படம், எந்த எழுத்து வடிவம் என்று ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டு, எத்தனை சிப் என்ற கேள்விக்கு ஒரே நிமிடத்தில் ‘ஒவ்வொரு கலரிலும் நூறு’ என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். கையால் செய்யப்படும் களிமண் கலவை சிப் ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகும். 500 சிப் என்றால் கணக்கு போட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பக்கத்து ஊர்க்காரருக்கு உங்கள் நாய் எதற்கு?

சரி, மேஜையிலிருந்து தொடங்கினால் கணக்கு எப்படி வரும்?

எட்டுப் பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கு 50 டாலர். கட்டாயப் பந்தயமான பிளைண்ட் 25 சென்ட், 50 சென்ட். ஒருவருக்கு 25 சென்ட் சிப் 12, ஒரு டாலர் சிப் 17, ஐந்து டாலர் சிப் 6 கொடுத்தால் 3 + 17 + 30 = 50 சரியாக வந்துவிடும். எட்டுப் பேருக்கும் சேர்த்து 280 சிப். இருந்ததைத் தோற்றவர் மறுபடி 50 டாலர் போட்டு உட்காரும்போது சில்லறை தேவைப்படாது. சில்லறையெல்லாம் ஏற்கெனவே மேஜையில் யாரோ ஒருவர் முன்னால் குவிந்துதான் இருக்கும். அவருக்கு ஐந்து டாலர் சிப் பத்து தந்தால் போதும்.

ஆக, 25 சென்ட் 100, ஒரு டாலர் 160, ஐந்து டாலர் 200, இருபது டாலர் 40 என்று 500 சிப்பைப் பிரித்தால் இந்தக் கூட்டத்துக்கு வருடக்கணக்கில் போதும். கலருக்கு நூறு என்று வாங்கியவர் வீட்டிலோ, ஒரு டாலர் சிப் முதல் மணி நேரத்திலேயே தட்டுப்படும். நூறு டாலர் சிப் பெட்டியை விட்டு வெளியே வந்தே இருக்காது.

காசு வைக்காமல் புள்ளிகளுக்கு மட்டும் ‘டோர்னமென்ட்’ ஆடும் வீடுகளும் நிறைய. அங்கே ஒருவருக்கு 25 புள்ளி சிப் 8, 100 சிப் 8, 500 சிப் 4, 1000 சிப் 7 என்று 27 சிப்பிலேயே 10,000 புள்ளி வந்துவிடும்.

இரண்டு விதமாகவும் ஆடுகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. சிப்பில் டாலர் குறியே போட வேண்டாம். 25, 100, 500 என்று எண்ணை மட்டும் அச்சிட்டால், புள்ளி ஆட்டத்தில் அது புள்ளி. காசு ஆட்டத்தில் 25 சென்ட், ஒரு டாலர், ஐந்து டாலர். இரண்டு செட்டுக்கான செலவு ஒன்றில் முடிந்துவிடும்.

அடுத்தது எடை. கனமாக இருந்தால்தான் ஒரிஜினல் என்று ஒரு நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. அமெரிக்க கேசினோக்களின் களிமண் கலவை சிப்ஸ் பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம்தான். கடை செட்டுகளின் 11.5, 13.5 கிராம் பிளாஸ்டிக் சிப்பில், கனத்துக்காக உள்ளே ஓர் உலோகத் தகடு ஒளிந்திருக்கும். அளவு எல்லாவற்றுக்கும் பொதுவாக 39 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலம்.

‘செராமிக்’ என்று விற்கப்படுவதில் பீங்கான் எதுவும் இல்லை. அதுவும் பிளாஸ்டிக் கலவைதான். ஆனால் விளிம்பு வரை முழுப் பரப்பிலும் படம் அச்சிடலாம், விலையும் குறைவு என்பதால் முதல் செட்டுக்கு அதுவே பொருத்தம். களிமண் சிப்பில் நடுவிலுள்ள வட்ட லேபிளில் மட்டும்தான் படம். வார, மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். பிறகு கூடுதலாக வாங்கினால் கலர் லேசாக மாறி வரலாம் என்பதால், கையோடு நான்கைந்து உதிரி சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கலர் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஒரு காலத்தில் வெள்ளை, சிவப்பு, நீலம் என மூன்றே நிறம். நீலத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பங்குச் சந்தையில் ‘புளூசிப்’ என்ற சொல் வந்தது அதிலிருந்துதான். இன்றைய அமெரிக்க கேசினோ வழக்கம் 5 டாலர் சிவப்பு, 25 டாலர் பச்சை, 100 டாலர் கறுப்பு. வீட்டுக்காரர்களும் அதையே காப்பி அடிக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. அப்படிப்பட்ட எட்டு ஆண்கள் உட்காரும் மேஜையில் ஒருவருக்காவது அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி! பலர் அதை வெளியே சொல்வதில்லை. 5 என்று நினைத்து 25-ஐத் தள்ளிவிட்டு, மற்றவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள். நண்பர்களுக்காகச் செய்த செட், அதில் ஒரு நண்பரை மட்டும் ஒவ்வொரு வாரமும் தடுமாற வைத்தால் எப்படி?

இதற்குத் தீர்வு விளிம்பில் இருக்கிறது. சிப்பின் ஓரத்தில் வரும் கலர் கட்டங்களை 5-க்கு மூன்று, 25-க்கு ஆறு என்று மாற்றிவிட்டால், நிறம் தெரியாவிட்டாலும் அடுக்கில் தப்பு சிப் கலந்திருப்பது பக்கவாட்டிலேயே தெரியும். ஒன்று வெளிர் நிறம், இன்னொன்று அடர் நிறம் என்றால் இன்னும் நல்லது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் கறுநீலமும் கறுப்பும் எல்லோர் கண்ணுக்குமே ஒன்றுதான்.

படத்துக்கு இப்போது வரலாம். பிடித்த கேசினோவின் சிப்பை அப்படியே நகல் எடுப்பது விளையாட்டல்ல. வணிக முத்திரை வழக்கு ஒருபக்கம், கள்ள சிப் என்ற சந்தேகம் மறுபக்கம். காசு வைத்து ஆடுவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில், தனிப்பட்ட இடமாக இருக்க வேண்டும், ஜெயிக்கும் பணத்தைத் தவிர யாருக்கும் வேறு லாபம் இருக்கக் கூடாது, எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் ‘கமிஷன்’ எடுத்தால் கதை மாறிவிடும்.

மொத்த ஆர்டருக்கு முன் மாதிரி சிப்ஸ் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. கொஞ்சம் செலவானாலும் வாங்கிவிட வேண்டும். வந்ததும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைவிட, வெள்ளிக்கிழமை இரவு வரை பொறுத்திருந்து, ஆடும் அதே விளக்கின் கீழ், கூட்டத்திலேயே வயதானவர் முன்னால் எல்லா மதிப்பையும் கலந்து ஒரே அடுக்காக வைக்கலாம். கண்ணாடியைத் தேடாமல் அவர் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டால், மறுநாள் காலை பணம் கட்டிவிடலாம்.