கல்லில் வெட்டிய கையேடு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், உத்திரமேரூருக்கு அருகே இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டொன்று உண்டு. அதன் முற்பகுதி அரசனின் போர்களையும் வெற்றிகளையும் பாடும் மெய்க்கீர்த்தி. இலக்கிய மாணவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிற்பகுதியோ கணக்கு வழக்கு, படிச்செலவு என்று நீள்வதால் அதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுகிறோம். அந்தப் பிற்பகுதியே மேலான உரைநடை என்பது என் கட்சி.

அது சொல்வது என்ன? கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை. அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு 15 கிடக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், பணிவிடைப் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என்று ஒவ்வொருவரின் வேலையும் அதற்கான ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளன. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம், புராண கிருதம் என ஏறத்தாழ இருபது மருந்துகள் ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய அளவுகளோடு வருகின்றன. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி என்பதுகூட விடுபடவில்லை. உவமையோ அடைமொழியோ இல்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஊரை முன்பின் அறியாத ஒருவரும் மறுநாள் காலை ஆதுலர்சாலைக்கு வேண்டியதைக் கணக்கிட்டுவிடலாம்.

கணினித் துறையில் 'சிஸ்டம் அட்மின்' எனப்படும் நிர்வாகிக்கு வேண்டியதும் இதே வகை எழுத்துதான். நள்ளிரவில் சர்வர் நின்றுபோகிறது. அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இப்போது விழித்துக்கொண்டிருப்பவருக்குச் சர்வரின் தத்துவம் வேண்டாம். எந்தக் கட்டளையை இடுவது, சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும், தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வது, பேக்கப் எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக யார் மீட்டுப் பார்த்தார்கள்: இவையே வேண்டும். இவற்றை எழுதிவைக்காத நிறுவனத்தில் அறிவு ஒரு மனிதரின் தலைக்குள் குடியிருக்கிறது. அவர் போனால் அதுவும் போய்விடும். ஒரு சிற்றூர் மருத்துவமனையின் பதிவேடோ, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கோ அந்தக் கணினியில் இருக்குமானால், இழப்பு நிறுவனத்துக்கு மட்டுமல்ல.

அருகிலுள்ள உத்திரமேரூர் இன்னொரு பாடத்தைத் தருகிறது. குடவோலை பற்றிய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை மக்களாட்சியின் சான்றாக மேடைதோறும் பேசுகிறோம். அது ஒரு பிராமணச் சபையின் தேர்தல் முறை என்பதையும் நினைவில் கொள்வது நேர்மை. என் அக்கறை வேறு. அங்கே 919இல் ஒரு விதித்தொகுப்பு வெட்டப்பட்டது. 921இல் அது திருத்தி விரிவாக மறுபடியும் வெட்டப்பட்டது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றாயிற்று. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்கவேண்டும். விரலை ஏன் விரிக்கவேண்டும்? மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா! தவறு எங்கே நுழையும் என்று யோசித்தவர் எழுதிய வரி அது. நல்ல கையேட்டின் இலக்கணமே அதுதான். கல்லில் எழுதியவர்கள்கூட இரண்டாண்டில் திருத்தினார்கள். திரையில் எழுதும் நாம் ஐந்தாண்டுப் பழைய குறிப்பை அப்படியே விட்டுவைக்கிறோம்.

அடுத்தது கலைச்சொல் சண்டை. 'சர்வர்' என்பதா, 'வழங்கி' என்பதா? திருமுக்கூடல் கல்வெட்டு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மருந்துகளின் பெயர்களை மருத்துவர்கள் வழங்கிய வடமொழிப் பெயர்களாகவே அது வைத்துக்கொண்டது. அளவும் ஆளும் செயலும் தமிழில் நின்றன. பெயர் எதுவானாலும் வினை தமிழாக இருந்தால் வாக்கியம் தமிழாகிவிடும். திரையில் தோன்றும் பெயரைத்தான் நெருக்கடியில் இருப்பவர் தேடுவார். அதைத் தனித்தமிழாக்கி அவரைத் திண்டாடவைப்பது மொழித்தொண்டு ஆகாது. கலைச்சொற்கள் பாடநூலில் வளரட்டும். பழகியபின் தாமே கையேட்டுக்கு வரும்.

கல்வெட்டுக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மருத்துவப் பணியை அது ஒரு பரம்பரைக்கு உரிமையாக்கியது. பொறுப்பு ஆளோடு ஒட்டிக்கொண்டால் ஆள் இல்லாதபோது பொறுப்பும் இல்லாமற்போகும். தன் குறையைத் தானே சொல்லும் வழக்கத்தை நாம் யூனிக்ஸிடமிருந்து கற்கலாம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட முதல் கையேட்டிலேயே, கட்டளைகளின் விளக்கத்தோடு 'பக்ஸ்' என்ற தலைப்பின்கீழ் அவற்றின் பிழைகளையும் எழுதிவைத்தார்கள். எழுதியவரே 'இது இங்கே சறுக்கும்' என்று ஒப்புக்கொள்ளும்போது வாசிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

தமிழில் இம்முயற்சி இல்லாமலில்லை. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' அதன் வழியே பலரையும் எட்டிய நூல். ஆயினும் நம் இலக்கியச் சூழல் இத்தகைய எழுத்தை எழுத்தாகவே கருதுவதில்லை. கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிறோம். ஒரு கையேட்டின் வாக்கியம் தெளிவாக இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்கு வரும் இளைஞரோ ஆங்கிலக் குறிப்பை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அழிக்கக்கூடாத கோப்பை அழித்துவிட்டுத் திட்டு வாங்குகிறார்.

சொல்லை எடைபோடத் தெரிந்தவர்கள் இலக்கிய வாசகர்கள். ஒரு வாக்கியம் இரு பொருள் தரும்போது முதலில் உறுத்துவது அவர்களுக்குத்தான். கவிதையில் அது அழகாகலாம், கையேட்டில் ஆபத்து. தொழில்நுட்பம் அறிந்த நண்பர் எழுதிய குறிப்பொன்றை வாங்கி, 'இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை' என்று கோடிட்டுத் திருப்பித்தர இலக்கியம் படித்த எவராலும் முடியும். அதைச் செய்வதற்கு யூனிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.