இன்று இருப்பவர்களும் அன்று இருந்தவர்களும்

காமர்ஸ் படிக்கிற யாரிடமாவது பேலன்ஸ் ஷீட்டின் தலைப்புக்கும் லாப நட்டக் கணக்கின் தலைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். முன்னது 'மார்ச் 31 அன்று உள்ளபடி'. பின்னது 'மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கு'. ஒன்று ஒரு நாளின் நிலவரம், இன்னொன்று ஒரு வருடத்தின் வரவு செலவு. முதல் வருடத்திலேயே மண்டையில் ஏறிவிடும் பாடம் இது. ஆனால் அதே ஆட்கள் வேலைக்குப் போய் பவர் பிஐ முன்னால் உட்கார்ந்து ரிப்போர்ட் போடும்போது இந்தப் பாடம் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

தீபாவளி போனஸையே எடுத்துக்கொள்வோம். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி, ஒரு கணக்காண்டில் குறைந்தது 30 நாள் வேலை பார்த்தவர், சம்பள வரம்புக்குள் இருந்தால், அவருக்கு போனஸ் உண்டு. மோசடி, திருட்டு போன்ற காரணங்களுக்காக டிஸ்மிஸ் ஆனவருக்கு மட்டும் கிடையாது. குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம். ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த 30 நாளும், 8.33 சதவீதமும், 8 மாதமும் அப்படியே இருக்கின்றன.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். கணக்கு மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கு. பட்டியல் எடுப்பதோ தீபாவளிக்கு முன்னால், செப்டம்பரிலோ அக்டோபரிலோ. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள்?

ஒரு சின்ன உதாரணம். 2024-25 ஆண்டுக்கான போனஸ் பட்டியல், எடுக்கும் நாள் 2025 அக்டோபர் 1. ஐந்து பேர். எல்லாரும் சம்பள வரம்புக்குள் வருபவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 2019-இல் சேர்ந்தார், இன்னும் இருக்கிறார்.
இரண்டாமவர் 2021-இல் சேர்ந்தார், 2025 மே மாதம் விலகினார்.
மூன்றாமவர் 2024 ஆகஸ்டில் சேர்ந்தார், டிசம்பரில் விலகினார்.
நான்காமவர் 2025 ஜூனில் சேர்ந்தார், இருக்கிறார்.
ஐந்தாமவர் 2024 ஜனவரியிலேயே போய்விட்டார்.

'தற்போது பணியில்' என்று ஃபில்டர் போட்டால் யார் வருவார்கள்? முதலாமவரும் நான்காமவரும். நான்காமவர் அந்த ஆண்டில் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை! வருடம் முழுக்க உழைத்த இரண்டாமவரைக் காணோம்.

சரி, தேதியை வைத்தே வடிகட்டலாம் என்று சேர்ந்த தேதிக்கு 2024-25 என்று போட்டால்? மூன்றாமவர் மட்டும் வருவார். ஆறு வருடமாக இருக்கிற முதலாமவரே வெளியே!

சரியான நிபந்தனை இரண்டே வரி. ஆண்டு முடிவதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்டு தொடங்கும் முன் விலகியிருக்கக் கூடாது. இப்படிப் போட்டால் முதல் மூவரும் வருவார்கள், மற்ற இருவரும் வர மாட்டார்கள். அதற்குப் பிறகு 30 நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்னும் வேலையில் இருப்பவருக்கு விலகிய தேதி காலியாக இருக்கும். 'விலகிய தேதி 2024 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின்' என்று மட்டும் எழுதினால், காலியான இடம் அந்த நிபந்தனையைத் தாண்டாது. பவர் பிஐ இந்த ஒப்பீட்டில் காலியைப் பூஜ்யம் மாதிரி எடுத்துக்கொள்ளும். எஸ்க்யூஎல்லில் காலியோடு ஒப்பிட்டால் 'ஆம்' என்ற பதிலே வராது. ஆகவே 'அல்லது காலியாக இருந்தால்' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எஸ்ஏபி போன்ற மென்பொருள்கள் முடிவில்லாத பதிவுக்கு 9999 டிசம்பர் 31 என்று ஒரு தேதி போடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் உதவுகிறது.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பவர் பிஐயில் இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொடர்புதான் செயலில் இருக்கும். தேதி அட்டவணையைச் சேர்ந்த தேதியோடு இணைத்துவிட்டால், மேலே இருக்கும் தேதிப் பட்டையை எப்படி இழுத்தாலும் அது சேர்ந்த தேதியை மட்டுமே பார்க்கும். 'உங்கள் கேள்வி எந்த நாளைப் பற்றியது, எந்தக் காலத்தைப் பற்றியது?' என்று அது கேட்காது. கேட்க வேண்டியது ரிப்போர்ட் போடுகிறவர்.

'விடுபட்டவர் வந்து கேட்டால் கொடுத்துவிட்டால் போச்சு' என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு அவர் அங்கே இல்லை என்பதுதானே விஷயம்! வேலையில் இருப்பவர் பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலை எச்.ஆர். மேசை முன்னால் நிற்பார். மே மாதமே போனவருக்குப் பட்டியல் தயாரானதே தெரியாது. தனக்கு உரிமை இருக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ரிப்போர்ட்டைப் பார்க்கிற மேலாளருக்கோ வரிசைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகத் தெரியும். போனவர்களின் இடத்தில் புதியவர்கள் நிற்கிறார்களே!

அதனால்தான் இந்த ஃபில்டரை ஐடி ஆளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது தப்பு. யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிற வரி அது. கணக்குத் தெரிந்தவர்தான் அதை எழுதித் தர வேண்டும். எழுதியதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே போடவும் வேண்டும்: '2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை ஒரு நாளாவது பணியில் இருந்தவர்கள், விலகியவர்கள் உட்பட'. பேலன்ஸ் ஷீட்டுக்குத் தலைப்பில் தேதி இல்லாவிட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். போனஸ் பட்டியலுக்கும் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் பணம் போய்ச் சேரும்.